உடைக்கக் கொடுக்கும் பெட்டி

பச்சியப்பனிடம் இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்று சர்க்கார் கொடுத்த தகரப் பெட்டி. உள்ளே மழுங்கிப்போன ஓர் ஊசி, கெட்டுப்போன அம்மைத் தடுப்புப் பால் குழல்கள் நாலு, கொஞ்சம் பஞ்சு. அது உடைக்கக் கொடுப்பதற்கு. மற்றது பெட்டியே அல்ல. சோற்றுத் தூக்கின் அடித்தட்டு. நல்ல ஊசியும், கிண்டி மருந்துச்சாலையிலிருந்து வந்த நல்ல பாலும் ஈரத்துணிக்குள் அதில் இருக்கும். மேல்தட்டில் களி.

பென்னாகரம் பக்கம் அம்மை குத்தும் ஆண்டியும் அப்படித்தான் வைத்திருந்தான்.

"கூட்டம் எதையாச்சும் ஒடைக்காம கலையாதுப்பா. பெட்டியக் குடுத்துட்டா மண்டை மிஞ்சும்."

தாலுகாவில் அம்மை குத்துகிறவர்கள் ஐந்து பேர். மாசக் கடைசியில் ஆபீஸ் புளியமரத்தடியில் கூடும்போது அவரவர் உபாயத்தைச் சொல்லிக்கொள்வார்கள். செருப்பை ஊர் எல்லையிலேயே கழற்றி இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டும். சுவரோரம் நிற்கக் கூடாது. நாய் உள்ள வீட்டைக் கடைசியில் பார்க்க வேண்டும். "ஆம்பள அடிச்சா ஓடிடலாம். பொம்பள சாணியக் கரைச்சு ஊத்துனா வேட்டிய யாரு தொவைக்கிறது?" என்பான் ஆண்டி. சிரிப்பார்கள். அடி வாங்கியதை யாரும் மேலே எழுதிப் போடுவதில்லை. எழுதினால் ஜனங்களிடம் நடந்துகொள்ளத் தெரியாதவன் என்று பதில் வரும்.

பச்சியப்பனிடம் ஆண்டிக்கும் சொல்லாத உபாயம் ஒன்று இருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் வத்தல்மலை மேல் கொன்னைக்காட்டில் அவனை அடித்தார்கள். இடது தோளெலும்பு முறிந்தது. கூட்டம் கலைந்த பிறகு குள்ளன் என்பவன் அவனை முதுகில் சுமந்து அடிவாரத்தில் கொண்டுவந்து இறக்கினான். வீட்டில் செல்லம்மாளிடம் சைக்கிளிலிருந்து விழுந்ததாகச் சொன்னான். எலும்பு கூடியது. ஆனால் அந்தக் கை காதுக்கு மேலே எழும்பவில்லை.

அதற்குப் பிறகு அவன் மலை ஏறவில்லை. குள்ளன் கடுக்காயும் தேனும் விற்கப் பாப்பாரப்பட்டி சந்தைக்கு வருவான். ஊரில் பிறந்த குழந்தைகளின் பேரைச் சொல்லுவான். பச்சியப்பன் சந்தை ஓரத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்வான். பேர், வயது, குத்திய தேதி, குத்துப் பிடித்து எடுத்த தழும்பு நாலு. குள்ளனுக்கும் அது சௌகரியம். ஊருக்குள் கலவரம் இல்லை. இரண்டு வருஷத்தில் முப்பத்தேழு குழந்தைகள். காகிதத்தில் பார்த்தால் அந்தத் தாலுகாவிலேயே கொன்னைக்காடு போலப் பத்திரமான ஊர் வேறு இல்லை.

மாசி மாதம் கொன்னைக்காட்டில் அம்மை கண்டிருக்கிறது என்று தகவல் வந்தது. இன்ஸ்பெக்டர் ரிஜிஸ்தரைப் பிரித்தார்.

"அத்தனை பேருக்கும் நாலு நாலு தழும்பு எடுத்திருக்கே. அப்புறம் எப்படிய்யா அம்மை வந்தது?"

"பால் கெட்டிருக்குங்க சார்."

"முப்பத்தேழு பேருக்குமா?"

பச்சியப்பன் பெட்டியையும் தூக்கையும் எடுத்துக்கொண்டான். இன்ஸ்பெக்டர் அடிவாரம் வரைக்கும் கூடவே வந்தார். ஒரு மாமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"மேலே போய் ஒவ்வொரு குழந்தைக்கும் தழும்பைப் பார்த்து எழுதிக்கொண்டு வா. இல்லாததுக்குத் திரும்பக் குத்து. நான் இங்கேயே இருக்கேன்."

லிஸ்டு பொய் என்று தெரிந்தால் வேலை போகும். வேலையோடு நின்றால் புண்ணியம்.

மாமரத்திலிருந்து பார்த்தால் தெரிகிற தூரம் வரைக்கும் பச்சியப்பன் நல்ல பாதையில் ஏறினான். பிறகு ஓடைத் தடத்தில் இறங்கிக்கொண்டான். ஊருக்குள் போகிற எண்ணமே அவனுக்கு இல்லை. காட்டில் ஒரு பகல் உட்கார்ந்து எழுத வேண்டியதை எழுதிக்கொண்டு திரும்பிவிடலாம். ஓடையின் குறுக்கே மஞ்சள் கயிறு ஒன்று கட்டி, அதில் வேப்பிலை செருகியிருந்தது. இலை காய்ந்து கொடியோடு கொடியாகத் தெரிந்தது. அவன் குனிந்து தாண்டினான்.

"யாரது கயித்தத் தாண்டுனது?"

பத்துப் பதினைந்து பேர் வந்துவிட்டார்கள். விறகுக்கு வந்தவர்கள். பச்சியப்பன் செருப்பைத் தேடவில்லை, ஓடவும் இல்லை. பழக்கம் கையை நீட்டியது. தகரப் பெட்டி கையில் இருந்தது.

"இந்தாங்க."

யாரோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து அவன் கன்னத்தில் அறைந்தான். உதடு பல்லில் கிழிந்தது. பார்த்தால் குள்ளன். முதுகில் சுமந்து வந்த அதே குள்ளன். அதற்குள் மற்றவர்கள் பெட்டியைப் பிடுங்கிக் கல்லில் அடித்தார்கள். தகரம் நசுங்கிற்று. குழல்கள் நொறுங்கின. ஒருவன் ஊசியை ஓடையில் எறிந்தான். ஆண்டி சொன்னது சரிதான். உடைத்து முடித்ததும் அவர்கள் முகத்தில் ஓர் ஆறுதல் வந்தது.

ஊர்க்கவுண்டன் மல்லையன் வந்தான். வயிறு ஒட்டிய ஆள். சத்தம் போட்டுப் பேசாதவன்.

"கயித்தத் தாண்டிட்டீங்க. வந்தது வந்ததுதான். கடைசி முத்து கண்டு பன்னெண்டு நாளாச்சு. இருபத்தொண்ணு முடிஞ்சாத்தான் காப்பு அவுக்கறது. இன்னும் ஒம்போது நாளு. அதுவரைக்கும் ஒரு உசிரும் எல்லைய விட்டுப் போவாது."

"கீழ அதிகாரி காத்துக்கிட்டு இருக்காருங்க."

"காத்துக்கிட்டு இருக்கட்டும். நாங்களும்தான் இருக்கறம்." மல்லையன் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தான். "வெளியாள அடிச்சா மொத அடி அடிச்சவன் வூட்டுலதான் சோறு. யாரு மொத அடி?"

குள்ளன் கையைத் தூக்கினான்.

*

குள்ளனின் மனைவி கருப்பி சாமைக் கூழ் ஊற்றினாள். தாளிப்பு இல்லை. அம்மா இருக்கிற ஊரில் எண்ணெய்ச் சட்டி அடுப்பேறாது. உதட்டில் உப்புப் பட்டு எரிந்தது.

"வாயி வலிக்குதுங்களா?" என்றான் குள்ளன்.

"வலிக்காம?"

"மெதுவாத்தாங்க அடிச்சன்."

"அது மெதுவா?"

"நான் முந்திக்கலன்னா பெரியமாது அடிச்சிருப்பான். அவன் வூட்டுக்குப் போயிருப்பீங்க."

பச்சியப்பன் கூழிலிருந்து நிமிர்ந்தான். கருப்பி ஏழு மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து அவன் எதிரில் உட்கார்ந்தாள். பெண் குழந்தை. தை மாதச் சந்தையில் எழுதிய பேர் நினைவுக்கு வந்தது. சின்னம்மாள். தழும்பு நாலு.

"பெரியவன் எங்க?" என்று கேட்டான். கேட்டிருக்கக் கூடாது.

"போயிட்டான். அஞ்சு நாளு கெடந்தான்." குள்ளன் வாசலைப் பார்த்துச் சொன்னான். "காளி பேர எழுதிக்கிட்டீங்கள்ல, போன வருசம்?"

"எழுதினன்."

"எழுதுனதுல ஒண்ணும் ஆவலைங்க."

அவன் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பச்சியப்பனுக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும்.

"பெட்டிதான் ஒடைஞ்சு போச்சேப்பா," என்றான்.

"சோத்துத் தூக்குல அடித்தட்டு இருக்குதுங்களே. சந்தையில நீங்க சாப்புடறப்ப எத்தினி வாட்டி பாத்திருக்கறன்."

கருப்பி இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள். குழந்தையின் கையை அவன் பக்கம் நீட்டினாள்.

பச்சியப்பன் மனதில் நாளை எண்ணினான். குத்தினால் மூன்றாம் நாள் சிவக்கும். ஆறாம் நாள் கொப்புளம். மறைக்க முடியாது. தினமும் காலையில் சின்னக்கா என்கிற, சாமி இறங்கி ஆடும் மருளாடி வீடு வீடாக மஞ்சள் தண்ணீர் தெளித்து ஒவ்வொரு குழந்தையாகப் பார்த்துவிட்டுப் போகிறாள் என்று சொல்லியிருந்தார்கள். காப்பு அவிழ்க்க இன்னும் ஒன்பது நாள். நாலைந்து நாள் தள்ளிக் குத்தினால் கொப்புளம் எழும்பும்போது அவன் அடிவாரத்தில் இருப்பான்.

"ஒரு அஞ்சு நாளு போவட்டும்," என்றான்.

"அஞ்சு நாளுதாங்க காளி கெடந்தான்."

மறுநாள் காலை, ஆண்கள் காட்டுக்குப் போன பிறகு குத்தினான். குழந்தை அழுவது கேட்காமலிருக்க வெளியே குள்ளன் விறகு பிளந்துகொண்டிருந்தான். இடது மேற்கையில் குத்த வேண்டும் என்பது விதி. பச்சியப்பன் இடுப்பில், துணி மறைக்கிற இடத்தில் குத்தினான். இடம் மாறினாலும் கை மாறவில்லை. அரை அங்குல இடைவெளியில் நேர்வரிசையாக நாலு. பதினோரு வருஷம் பழகிய கை.

அதற்குப் பிறகு செய்ய ஒன்றும் இல்லை. பெட்டியைக் கல்லில் அடித்த பெரியமாது வந்து பீடி கேட்டான். "ஐயாவுக்குக் கன்னம் வத்திடுச்சு. குள்ளன் கையில சத்தே இல்ல," என்றான் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள். பச்சியப்பனும் சிரித்தான். நல்ல ஜனங்கள். வெற்றிலை இருந்தால் பாதி கிள்ளிக் கொடுத்தார்கள். அவன் அவர்களோடு உட்கார்ந்து பேசும்போது முதுகுக்குப் பின்னால் யாரும் இல்லாதபடி பார்த்துக்கொண்டான். எந்தச் சந்து எங்கே போகிறது என்று முதல் நாளே தெரிந்துவைத்திருந்தான். எல்லாச் சந்தும் கயிற்றில்தான் முடிந்தது.

ஐந்தாம் நாள் குள்ளன் கயிற்றுக்கு அந்தப்பக்கம் வந்த மாடுமேய்ப்பவர்களிடம் விசாரித்து வந்தான்.

"அதிகாரி போயிட்டாராம்ங்க."

"எப்ப?"

"நீங்க வந்த மறுநாளே. நீங்க உள்ளாற மாட்டுனது தெரிஞ்சுதாம். காப்பு அவுக்கற வரைக்கும் உள்ளயே இருக்கட்டும், அதுவும் நல்லதுதான், தொத்து கீழ எறங்காதுன்னு சொல்லிட்டுப் போனாராம்."

பச்சியப்பன் யோசித்துப் பார்த்தான். அவர் இடத்தில் இருந்தால் அவனும் அதையேதான் சொல்லியிருப்பான்.

*

காப்பு அவிழ்க்க இரண்டு நாள் இருக்கும்போது சின்னம்மாளுக்குக் காய்ச்சல் கண்டது. காலையில் சின்னக்கா வந்தாள். கருப்பி குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டாள். அந்த அணைப்பே காட்டிக்கொடுத்தது. சின்னக்கா துணியை விலக்கினாள். பார்த்தாள். மஞ்சள் சொம்பைக் கீழே வைத்துவிட்டு மண்ணில் விழுந்து கும்பிட்டாள்.

"பச்ச மண்ணுக்கும் முத்துப் போட்டுட்டியா தாயே."

மல்லையன் வந்தான். வாசலிலேயே நின்றான்.

"இன்னிக்கி ஒண்ணு," என்றான். "இன்னும் இருபது."

பச்சியப்பன் வாயைத் திறந்தான். இது அம்மா இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எண்ணிக்கை பழையபடி நிற்கும். நாளை மறுநாள் கயிறு அவிழும். வாசலில் இருபது பேர் நின்றார்கள். பீடி வாங்கியவன், சிரித்தவன், வெற்றிலை கொடுத்தவன். அம்மாவின் ஊருக்குள், காப்புக்குள், அம்மா மேலேயே ஊசி வைத்தவனை அவர்கள் என்ன செய்வார்கள் என்று அவனுக்குத் தெரியும். இந்தத் தடவை கொடுக்கப் பெட்டி இல்லை. அவனுக்குப் பக்கத்தில் குள்ளன் நின்றான். குள்ளனுக்குக் கொடுக்க ஒருபோதும் பெட்டி இருந்ததில்லை.

தோள் வலித்தது. அவன் வாயை மூடிக்கொண்டான்.

அன்று மத்தியானம் ஓடையில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு ராமக்கா குடத்தோடு வந்து நின்றாள். இரண்டு பிள்ளைக்காரி. குடத்தை நீரில் முக்கினாள். அது நிறைந்த பிறகு கேட்டாள்.

"கருப்பி புள்ளைக்கி நீங்கதான வெச்சீங்க?"

"என்னது?"

"அம்மா போட்டா அங்கொண்ணு இங்கொண்ணு போடுவா. நாத்து நட்ட மாதிரி வரிசையா நாலு போடுவாளா?"

பச்சியப்பன் சுற்றிலும் பார்த்தான்.

"யாரும் இல்ல, பயப்படாதீங்க. காலையிலேருந்து ஒவ்வொருத்தரா வந்து கும்பிட்டுட்டுப் போறாங்க. கண்ணத் தொறந்து கும்பிட்டது நான் ஒருத்திதான். என்னோடது ரெண்டுக்கும் வெச்சுடுங்க."

"பால் பழசாயிடுச்சும்மா. ஏழு நாளாச்சு. எடுக்காது."

"வெச்சுப் பாருங்க."

"எடுத்துதுன்னா மறுபடியும் மொதல்லேருந்து இருபத்தொரு நாளு. ஊரே கெடக்கணும்."

"ஊரு எங்க போவப்போவுது. நீங்கதான் போவணும்." குடத்தை இடுப்பில் வைத்தாள். "எனக்குத் தெரிஞ்ச வரிசை இன்னொருத்திக்குத் தெரிய எத்தினி நாளாவும்? பொம்பள நான், வாயால கேக்கறன். ஆம்பளைங்க பாத்தா கைதான் பேசும்."

மிரட்டுகிறாளா, எச்சரிக்கிறாளா என்று அவனுக்குப் புரியவில்லை. அவளுக்கே புரிந்திருக்காது.

"இன்னும் முத்து காணாத கொழந்தைங்க எத்தினி?" என்று கேட்டான்.

"பதினொண்ணு."

வீட்டுக்குப் போய்த் தூக்கைத் திறந்தான். குழல்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். ஆறு குழந்தைகளுக்கு வரும். வீணாகாமல் போட்டால் ஆறு. எந்த ஆறு என்பதை அவன் ராமக்காவிடம் விட்டுவிட்டான். அவள் ஒரு நாள் முழுக்க யாரிடமும் பேசவில்லை. பிறகு இரண்டு மத்தியானமும், சாமை குத்த உதவிக்கு வருகிற மாதிரி, மூன்று மூன்று பெண்கள் குழந்தைகளோடு குள்ளன் வீட்டுக்கு வந்தார்கள். அவளுடைய இரண்டும் அந்த ஆறில் இருந்தன. அதைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வெளியே கருப்பியும் இன்னொருத்தியும் உரலில் உலக்கை போட்டார்கள்.

பச்சியப்பன் முதல் குழந்தையைத் திருப்பிப் படுக்கவைத்தான். ஊசியை வைக்கப்போன கை தானாக இடது மேற்கைக்குப் போயிற்று. நிறுத்தினான். முதுகில் ஒன்று வைத்தான். வயிற்றில் ஒன்று. தொடையின் பின்னால் ஒன்று. கழுத்துக்குக் கீழே, சற்றுத் தள்ளி, ஒன்று. அடுத்த குழந்தைக்கு வேறு இடங்கள். வரிசை வந்துவிடாமல் இருக்க ஒவ்வொரு தடவையும் யோசிக்க வேண்டியிருந்தது. அம்மா எப்படிப் போடுவாள் என்று யோசித்தான். வேர்த்தது.

இப்படிப் போட்டதை எந்த அதிகாரியும் தழும்பு என்று ஒப்பமாட்டார். அந்த ஆறு பேரும் ஏற்கெனவே லிஸ்டில் இருந்தார்கள். குத்தாத நாளின் தேதியோடு, இல்லாத நாலு தழும்போடு. குத்திய நாளை எழுத ரிஜிஸ்தரில் இடம் இல்லை.

குழல்கள் தீர்ந்தன. அவற்றையும் ஊசியையும் குள்ளன் கொண்டுபோய்ப் புதைத்தான். எங்கே என்று பச்சியப்பன் கேட்கவில்லை.

பிறகு நாள் போயிற்று. மூன்றாம் நாள் அவன் எந்தக் குழந்தையையும் பார்க்கவில்லை. நாலாம் நாளும் பார்க்கவில்லை. எடுக்காமல் போனால் காப்பு அவிழ இன்னும் பதினைந்து நாள்தான் என்று ஓடைக்கரையில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தான். பால் பழசு. பத்து நாள் வெயிலும் குளிரும் பட்டது. எடுக்காது. எடுக்காமல் போகட்டும். அப்படி நினைத்தது தன் வாயிலேயே சத்தமாக வந்துவிட்டதோ என்று திரும்பிப் பார்த்தான். ராமக்காவின் சின்னது கரையில் மண்ணைத் தின்றுகொண்டிருந்தது. அவன் எழுந்துபோய் அதன் வாயிலிருந்து மண்ணை எடுத்தான். வயிற்றைப் பார்க்காமல் எடுத்தான்.

ஏழாம் நாள் காலை சின்னக்காவுக்கு முழங்கால் வீங்கியிருந்தது. சொம்பைத் தூக்கிக்கொண்டு கூட வரச் சொல்லி அவனைக் கூப்பிட்டாள்.

"சும்மாத்தான உக்காந்திருக்கீங்க. அம்மாவுக்கு ரெண்டு சொம்பு தூக்குனா பெட்டியக் கொண்டாந்த பாவம் தீந்துடும்."

"சரிங்க ஆத்தா."

வீடு வீடாகப் போனார்கள். சின்னக்கா வேப்பிலையால் தெளித்தாள். அவன் சொம்பைப் பிடித்தான். ஊர் ஆண்கள் ஏழெட்டுப் பேர் பின்னால் வந்தார்கள். மல்லையனும் வந்தான். ராமக்கா வீட்டு வாசலில் குழந்தை காய்ச்சலில் சிணுங்கிக்கொண்டிருந்தது. ராமக்கா அதை மறைக்கவில்லை. நேராகப் பச்சியப்பனைப் பார்த்துக்கொண்டு துணியை விலக்கினாள்.

வயிற்றில் ஒரு கொப்புளம். நடுவில் சிறு குழி. சுற்றிலும் ஒரு ரூபாய் அளவுக்குச் சிவப்பு. சர்க்கார் புத்தகத்தில் படம் போட்டிருக்கிற மாதிரி, நல்ல எடுப்பு. அவன் வேலைக்கு வந்த நாளிலிருந்து இவ்வளவு சுத்தமான எடுப்பைப் பார்த்ததில்லை. சின்னக்கா குழந்தையைத் திருப்பினாள். முதுகில் ஒன்று.

"லேசாத்தான் போட்டிருக்கா," என்றாள் சின்னக்கா. "தொட்டுட்டுப் போயிட்டா."

அவள் விழுந்து கும்பிட்டாள். பின்னால் நின்ற ஆண்கள் கும்பிட்டார்கள். பெரியமாது துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டான். மல்லையன் கண்ணை மூடிக் கும்பிட்டு, மூடியபடியே, "இன்னிக்கி ஒண்ணு," என்றான்.

பச்சியப்பன் ஒருவன்தான் நின்றுகொண்டிருந்தான். குள்ளன் தலை தூக்கி அவனைப் பார்த்தான். இன்னும் ஒரு மூச்சு விட்டால் மற்றவர்களும் பார்ப்பார்கள். பச்சியப்பன் சொம்பைக் கீழே வைத்தான். வலது கை தலைக்கு மேலே போயிற்று. இடது கை காதோடு நின்றது. அப்படியே கும்பிட்டான்.

இன்னும் இருபது.